பழைய சைக்கிள் கைக்கு வந்தால்: செய்யக்கூடாதவை, செய்ய வேண்டியவை

மாடிப்படிக்கு அடியில் கோணிச்சாக்கு போர்த்திக் கிடக்கும் தாத்தாவின் ராலேயை வெளியே எடுக்க நினைப்பவர்களுக்கும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய பி.எஸ்.ஏ.வைப் பார்த்து நகர மனம் வராமல் நின்றவர்களுக்கும்தான் இந்தப் பட்டியல். செய்யக்கூடாதவற்றை முதலில் வைத்திருக்கிறேன். இன்று செய்யாமல் விட்ட வேலையை அடுத்த வாரம் செய்துகொள்ளலாம். சுரண்டிப்போட்ட பெயின்டையும் அறுந்துபோன மரையையும் யாராலும் திருப்பித் தர முடியாது.

செய்யக்கூடாதவை

பெயின்ட் அடிக்காதீர்கள். சைக்கிள் கைக்கு வந்த மறுநாளே பலர் செய்வது இதைத்தான். ஃப்ரேமைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, சுரண்டி, பவுடர் கோட்டிங் போட்டுப் புதுசாக்கிக் கொண்டுவருகிறார்கள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கறுப்பு எனாமலும், மட்கார்டு ஓரத்தில் ஓடிய மெல்லிய தங்கக் கோடும், கம்பெனி ஒட்டிய சின்னமும் பட்டறையிலேயே போய்விடும். அவை மட்டும் போனால்கூடப் பொறுக்கலாம். செயின் கவரில் சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட் வளைத்து எழுதிய சொந்தக்காரர் பெயர், கேரியரில் பால் கேன் உரசி உரசிப் பளபளத்த இடம், குழந்தையை உட்காரவைத்த பாரில் தேய்ந்த திட்டு எல்லாம் சேர்ந்து போகும். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் வரி உண்டு. நகராட்சியும் பஞ்சாயத்தும் கொடுத்த உலோக வில்லை இன்னும் வண்டியில் தொங்கினால், அது எந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அழுக்கு போக வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, காய்ந்த பிறகு காருக்குப் போடும் மெழுகு பாலிஷ் போதும். குரோம் துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்; வந்துவிடும். கம்பி பிரஷ் வேண்டாம். பித்தளைப் பெல்லுக்குப் புளி போடலாம். முகப்புத் தகட்டுக்குப் போடாதீர்கள், அதன் பள்ளங்களில் நிரப்பிய நிறம் கரைந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுக்காதீர்கள். நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது அதுதான். தோல் சீட்டில் தடவினால் தோல் ஊறித் தொய்ந்துவிடும், மழை மாதத்தில் பூசணமும் பிடிக்கும். செயினில் விட்டால் புழுதி சேர்ந்து பசையாகும். சீட்டுக்கு அதற்கென்று விற்கும் மெழுகைக் கொஞ்சமாகப் பூசினால் போதும்.

மரை ஏறவில்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள். ராலே வைத்திருப்பவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மற்ற ஆங்கில சைக்கிள்களில் கிராங்க் அச்சு சுழலும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப் அங்குலத்துக்கு 24 மரை; ராலேயின் சொந்தத் தயாரிப்பில் 26 மரை. கடையில் கிடைக்கும் சாதாரணக் கப் கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அதற்குமேல் இறுகும். அங்கே பெரிய ஸ்பேனரைப் போட்டால் ஃப்ரேமின் உள்மரையே போய்விடும். பழைய கப்பில் குழி விழாமல் இருந்தால் அதையே கழுவித் திரும்பப் போடுங்கள். பெரும்பாலும் பால்ஸை மாற்றினாலே சரியாகிவிடும்: கால் அங்குலம், பக்கத்துக்குப் பதினொன்று.

காட்டர் பின்னை அப்படியே சுத்தியலால் அடிக்காதீர்கள். கிராங்கையும் அச்சையும் பூட்டும் அந்த ஆணி பல வருஷத் துருவில் பிடித்திருக்கும். கைதேர்ந்த மெக்கானிக் அதை எப்படிக் கழற்றுகிறார் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துவிடுவார். கிராங்குக்கு அடியில், பின் இறங்க வழிவிட்டு, கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக் கொடுப்பார். நட்டை முழுதாகக் கழற்றாமல் மரை முனைக்குச் சமமாக நிறுத்திவைப்பார். அடி நட்டில் விழும், மரை மழுங்காது. பிறகு ஒரே ஒரு அடி. தயங்கித் தயங்கி அடிக்கும் பத்து அடிதான் பின்னை வளைக்கும். முட்டுக் குழாய் இல்லாமல் அடித்தால் அந்த வேகம் முழுவதும் பால்ஸ் வழியாகக் கப்பில் இறங்கிக் குழி போடும். அந்தக் குழியின் கரகரப்பு பிறகு ஒவ்வொரு மிதியிலும் காலில் தெரியும்.

முழு சைக்கிளைப் பிரித்து விற்காதீர்கள். டைனமோ ஒருவருக்கு, சீட் இன்னொருவருக்கு, பெல் மூன்றாமவருக்கு என்று கொடுத்தால் கூடுதல் பணம் வரும், மறுக்கவில்லை. ஏற்கெனவே சிதைந்துபோன சைக்கிளிலிருந்து உதிரி எடுங்கள். முழுசாகப் பிழைத்து வந்த ஒன்றை உடைப்பதற்கு எந்த விலையும் நியாயமாகாது.

பிழைப்புக்கு ஓட்டுபவரின் சைக்கிளை மலிவாகப் பேசி வாங்காதீர்கள். குரோம்பேட்டை, அஸ்தினாபுரம் தெருக்களில் கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், பூ விற்கிறவர் என்று இந்தச் சைக்கிளை இன்னும் நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது காட்சிப்பொருள் இல்லை, அன்றைய சோறு. அவரே விற்க நினைத்தால், சந்தையில் அதற்கு என்ன விலை என்று உண்மையைச் சொல்லுங்கள்; அடுத்த நாள் காலை அவர் வேலைக்குப் போக நல்ல நிலையில் ஒரு சைக்கிளும் வேண்டும். கேட்காமல் போட்டோ எடுப்பதும் கூடாது.

ஃப்ரேம் நம்பரை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் எவ்வளவு அழகான வண்டியானாலும் வேண்டாம்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டாதீர்கள். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையும் வேண்டாம். ராடு பிரேக் வண்டி நிற்பதற்கு நேரம் எடுக்கும். மழையில் ஸ்டீல் ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை வழுக்கும், பிடித்தும் பிடிக்காத மாதிரிதான்.

செய்ய வேண்டியவை

எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். பழம்பொருளுக்குப் பல்லாவரம் புதிய இடமல்ல. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். எடுத்த இடத்தை அவர் குறித்து வைத்ததால்தான் அந்தக் கல் இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தையே திறந்துவிட்டது. சந்தையில் சைக்கிள் வாங்கும்போதும் அந்த ஒழுங்கு வேண்டும். யார் வீட்டிலிருந்து வந்தது, அவர் எங்கே வேலை பார்த்தார், எந்தக் கடையில் வாங்கினார், ரசீது இருக்கிறதா? விற்பவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். அந்தப் பாதியை அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள்.

மீதியைச் சைக்கிளிடமே கேளுங்கள். செயின்வீலைப் பாருங்கள். மூன்று எழுத்தும் வெட்டியிருந்தால் பி.எஸ்.ஏ., கொக்குத் தலை இருந்தால் ராலே, கை இருந்தால் ரட்ஜ், மனித உருவங்கள் சுற்றி நின்றால் ஹம்பர். ஹம்பருக்கு முன் ஃபோர்க்கும் இரட்டைக் குழாயாக இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். பின் ஹப்பில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்று இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் காட்டுங்கள். மாடல் எழுத்துக்கு அருகே வருஷமும் மாதமும் அச்சாகியிருக்கும். அது ஹப்பின் வயது. சக்கரம் பிறகு மாற்றியதா என்பதையும் யோசித்துத்தான் சைக்கிளின் வயதைச் சொல்ல வேண்டும்.

முகப்புத் தகட்டில் ‘மேட் இன் இங்கிலாந்து’ இல்லையே என்று முகம் சுளிக்காதவர்தான் என் கணக்கில் உண்மையான பிரியர். 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலஸும் ஃபிலிப்ஸும்தான் இந்த ஊரின் ஆசிரியர்களையும் தபால்காரர்களையும் சுமந்தவை. அசன்சாலில் செய்த சென்-ராலேயும் லூதியானாவின் ஹீரோவும் சோனிப்பட்டின் அட்லஸும் அப்படித்தான். அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று மூடப்பட்டது; அன்றைக்கு உலக சைக்கிள் தினம். அந்த அட்லஸ்களையும் இப்போதே பத்திரப்படுத்தத் தொடங்க வேண்டும். நாட்டிங்ஹாம் ராலேயைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அம்பத்தூர் ஹெர்குலஸுக்கு நம்மைவிட்டால் யார்?

வெள்ளத்தில் நின்ற சைக்கிளை அதே வாரம் பிரியுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் மக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இரண்டு சக்கரமும் முங்கிய வண்டிகள் எத்தனையோ. வெளியே துடைத்து வெயிலில் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம், ஹப்புக்குள்ளும் பி.பி.க்குள்ளும் சேற்றுத் தண்ணீர் நிற்கிறது. சீட் கம்பியை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் குழாயிலிருந்து ஊற்றும். முழு ஓவராயில் செய்துவிடுங்கள்: எல்லா பால்ஸும் வெளியே, மண்ணெண்ணெயில் கழுவல், புது கிரீஸ். தூக்கி வைக்க நேரம் இருந்தால் ஐப்பசிக்கு முன்பே சுவரில் கொக்கி அடித்து மாட்டிவிடுவது நல்லது.

டயர் வாங்கும்போது மி.மீ. எண்ணைப் பாருங்கள். 28க்கு 1½ என்றால் கவலையில்லை, ரிம் அளவு 635. ஹீரோவும் அட்லஸும் அதேதான் என்பதால் எந்தக் கடையிலும் டயர் உண்டு. குழப்பம் 26ல்தான். 26 என்று எழுதியதிலேயே 590, 584, 559 என்று பல அளவு இருக்கிறது, ஒன்று இன்னொன்றில் ஏறாது. ஆங்கில ஸ்போர்ட்ஸ் மாடலுக்கு வேண்டியது 26க்கு 1⅜, அதாவது 590.

மூன்று கியர் ஹப்புக்கு ஆயில் விடுங்கள், உள்ளே கிரீஸ் அடைக்காதீர்கள். ஹப்பின் மேல் சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து லேசான மோட்டார் ஆயில் சில சொட்டு. கிரீஸ் அடைத்தால் உள்ளே இருக்கும் சிறு கொக்கிகள் ஒட்டிக்கொண்டு கியர் பிடிக்காது. ஸ்டர்மி-ஆர்ச்சரின் மூன்று கியர் மாடலான ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எதுவுமே பிடிக்காத ஓரிடம் உண்டு. கேபிள் தளர்ந்திருக்கும்போது எழுந்து நின்று மிதித்தால் பெடல் திடீரென்று வெறுமனே சுழன்று ஆளைக் கவிழ்த்துவிடும். சரிபார்ப்பது எளிது. இரண்டாம் கியரில் வையுங்கள். வலப்பக்க நட்டின் ஓட்டை வழியாகப் பாருங்கள். சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள் அச்சு முனைக்குச் சமமாக நிற்க வேண்டும்.

ஓட்டுங்கள். விடிவதற்குள் கிளம்பி, கேம்ப் ரோட்டிலிருந்து அகரம்தென் வழியாக மாடம்பாக்கம் போய், தேனுபுரீஸ்வரர் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பஸ்கள் கூடுவதற்கு முன் திரும்பிவிடலாம். மெதுவாகப் போகச் செய்த வண்டி இது. நிமிர்ந்து உட்கார வைத்து ஊரைப் பார்க்க வைக்கும். விளக்கு மட்டும் இந்தக் காலத்துடையது போடுங்கள். ஓட்டை போடாமல் வாரால் கட்டும் எல்.இ.டி. கிடைக்கிறது. பழைய டைனமோ அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

லேடீஸ் சைக்கிளையும் சேகரியுங்கள். சேகரிப்பவர்கள் பாருள்ள வண்டியையே தேடுவதால் வளைந்த ஃப்ரேம் வண்டிகள் எடைக்குப் போகின்றன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். தமிழ்நாட்டு சைக்கிள் சரித்திரத்தில் இதற்கு இணையான அத்தியாயம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்தக் காலத்து வண்டி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

கூடும்போது சாவியைக் கொடுங்கள். புனேயில் விக்ரம் பெண்ட்சே சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடம். இத்தாலியில் 1997 முதல் நடக்கும் எல்’எரோய்க்கா சவாரிக்கு 1987க்குப் பிந்தைய பந்தய சைக்கிளைக் கொண்டுவர முடியாது. அங்கே பழைய வண்டி மண்சாலையில் ஓடியே தன்னை நிரூபிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. தாம்பரத்தில் நாலு பேர் சேர்ந்தாலும், வந்தவரை ஏற்றி ஒரு சுற்று அனுப்புங்கள். பத்து வயதுப் பையனோ பெண்ணோ குரங்குப் பெடல் கேட்டால் கூடவே ஓடுங்கள். உதிரி மாற்றியிருந்தால் மாற்றியது என்றே சொல்லுங்கள். ‘ஒரிஜினல்’ என்று ஒருவர் சொல்லும் பொய், அடுத்து வாங்குபவரின் பணத்தையும் நம்பிக்கையையும் தின்றுவிடும்.

மெக்கானிக் பேசும்போது பதிவு செய்யுங்கள். எழுபது வயதைத் தாண்டிய சைக்கிள் கடைக்காரர் ஒருவர் உங்கள் தெருவில் இன்னும் இருக்கலாம். கோட்டம் எடுக்கும்போது போக்ஸ் கம்பியை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் அனுமதியோடு போனில் எடுத்து வையுங்கள். வேலைக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கழற்றிய எதையும் எறியாதீர்கள். தேய்ந்த கோன், உடைந்த பெல் மூடி, வெடித்த சீட் தோல் எதுவானாலும் ஒரு பையில் போட்டு, எந்தச் சைக்கிளில் எந்த இடத்திலிருந்து எப்போது கழற்றியது என்று சீட்டு எழுதிக் கட்டிவையுங்கள். அந்தச் சைக்கிளை ஒருநாள் இன்னொருவரிடம் கொடுக்கும்போது, முதல் நாள் எழுதிய நோட்டோடு இந்தப் பையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.