ஒரே டெலிபோன் கம்பியில் ஃபேக்ஸ்: குறை காணும் முறை

எழுத்தையும் படத்தையும் கம்பி வழியே அனுப்பும் முறைக்கு ஸ்காட்லாந்து தேசத்து அலெக்சாண்டர் பெயின் 1843-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும், வெவ்வேறு கம்பெனிகளின் யந்திரங்கள் விரைவாகவும் தெளிவாகவும் செய்தி மாற்றிக்கொள்ள உதவும் ‘குரூப் 3’ என்னும் பொது விதி 1980-இல்தான் ஏற்பட்டது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகிய காலத்தில், அயல்நாட்டு வியாபாரிகளின் ஆர்டர்களும் அளவுப் பட்டியல்களும் இம்முறையில் வந்தன. இன்று பெரும்பகுதி மின்னஞ்சலுக்கு மாறிவிட்டது. எனினும் ஃபேக்ஸ் வைத்திருக்கும் அலுவலகங்களில், பேச்சுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே கம்பி இருப்பின், பல தொல்லைகள் நேருகின்றன. அளவுப் பட்டியலில் ஓர் இலக்கம் சிதைந்தால் வெட்டிய துணி வீணாகும்; நூல் விலையும் கூலியும் நஷ்டமாகும். ஆகவே அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் அவசியம்.

முதற்கண், குறை யந்திரத்திலா, கம்பியிலா என்று பிரித்தறிய வேண்டும். ஒரு காகிதத்தை யந்திரத்திலேயே நகல் எடுத்துப் பார்க்கவும். நகலிலும் கோடு விழுந்தால் குறை யந்திரத்தினுடையது. நகல் தெளிவாக இருந்தால் கம்பியைச் சோதிக்கவும். மற்றக் கருவிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, ஃபேக்ஸை மட்டும் சுவர்ப் பெட்டியில் நேராக இணைத்துப் பார்க்கவும். இப்போது சரியாக வந்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க, குற்றவாளி தானே வெளிப்படும்.

இரண்டாவது, இணைக்கும் வரிசை. சுவர்ப் பெட்டியிலிருந்து வரும் கம்பி, யந்திரத்தின் ‘லைன்’ துவாரத்தில் முதலில் சேர வேண்டும். டெலிபோன், யந்திரத்திலுள்ள மற்றொரு துவாரத்திலிருந்து செல்ல வேண்டும். தனித்தனிக் கிளைகளாக இணைத்தால், ஃபேக்ஸ் வரும்போது அடுத்த அறையில் ஒருவர் ரிசீவரை எடுத்த மாத்திரத்தில் பக்கம் பாதியில் அறுந்துபோகும்.

மூன்றாவது, அழைப்பை அறிதல். அனுப்பும் யந்திரம் விநாடிக்கு 1,100 அதிர்வுள்ள ஒலியை அரை விநாடி ஒலித்து, மூன்று விநாடி நிறுத்தி, மீண்டும் ஒலிக்கும். டெலிபோனை எடுத்தவர் இவ்வொலியைக் கேட்டால் வைத்துவிடலாகாது. ஃபேக்ஸின் தொடக்கப் பொத்தானை அழுத்திய பின்னரே ரிசீவரை வைக்க வேண்டும். குளிர்காலத்தில் ஜெர்மனியில் மாலை 5 மணியாகும்போது நமக்கு இரவு 9.30 ஆகிறது. ஆகவே அலுவலகத்தைப் பூட்டுமுன் யந்திரம் தானே எடுக்கும் நிலையில் உள்ளதா, காகிதம் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

நான்காவது, குறுக்கீடுகள். பேச்சின் நடுவே வேறொருவர் அழைப்பதை அறிவிக்கும் ஒலி ஃபேக்ஸைக் குலைக்கும், அவ்வசதியை நீக்கிவிடுக. அதே செப்புக் கம்பியில் இணையமும் ஓடினால், பேச்சு 300 முதல் 3,400 அதிர்வு வரையிலும், இணையம் 25,000-க்கு மேலும் செல்லும். இரண்டையும் பிரிக்கும் சிறு வடிகட்டியை ஃபேக்ஸுக்கும் ஒவ்வொரு டெலிபோனுக்கும் பொருத்துதல் வேண்டும். மழைக்காலத்தில் இணைப்பு நனைந்து இரைச்சல் எழுந்தால், பழுது நீங்கும் வரை வேகத்தை 14,400 பிட்டிலிருந்து 9,600-க்குக் குறைக்கலாம். பிழை திருத்தும் வசதியை எப்போதும் இயங்கச் செய்க. சிதைந்த பகுதியை அது மறுபடி கேட்டு வாங்கும். நேரம் சற்றுக் கூடினாலும் எண் கெடாது.

ஐந்தாவது, கண்ணாடி இழை. இதில் குரல் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒன்றிரண்டு தவறினாலும் காது பொறுக்கும், ஃபேக்ஸ் பொறுக்காது. இதற்கென 1998-இல் ‘டி.38’ என்னும் விதி வகுக்கப்பட்டது. அது தம் இணைப்பில் உண்டா என்று கேட்டறிதல் நலம்.

இறுதியாக ஒன்று. வெப்பத்தால் அச்சாகும் காகிதத்தில் வந்த எழுத்து நாளடைவில் மங்கும். வந்த அன்றே நகல் எடுத்துக் கோப்பில் சேர்க்கவும். பக்கங்களை எண்ணி, அளவுகளை அனுப்பியவரிடம் உறுதி செய்துகொண்ட பின்னரே துணி கட்டிங் மேஜைக்குச் செல்ல வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பின் செலவு, ஒரு பீஸ் துணியின் விலையினும் குறைவே.