புகார் நகரின் பூதங்கள்

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டும் பூதங்கள் பல வகையின. புகாரைக் காக்கும் நாளங்காடிப் பூதம் ஒன்று. வேந்தன் நீதி தவறினால் வாய் பேசாது கண்ணீர் உகுக்கும் பாவையும் அந்நகரில் உண்டு. மதுரை எரிந்தபோதோ, நால்வகைப் பூதங்கள் அதனை விட்டு நீங்கின.

எனினும் நாம் மறக்கவியலாதது நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப்பூதமே. பொய்ச்சாட்சி கூறுவோரையும் புறங்கூறுவோரையும் அது கயிற்றால் பிணித்து உண்ணும். (இருட்டில் ரப்பர் மரங்களிடையே நடக்க அஞ்சும் சிறுவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை, குற்றமற்றோரை அது தீண்டாது!)

ஒருமுறை, கற்புடைய பெண்மீது அவள் கணவனிடம் பொய்ப்பழி கூறிய ஒருவனை அப்பூதம் பற்றியது. அவனுடைய தாயின் துயர் காணப் பொறாத கோவலன், அவனை விடுத்துத் தன்னுயிரைக் கொள்ளுமாறு வேண்டினான். கீழ்மகன் உயிருக்காக நல்லுயிரைக் கொள்ளும் வழக்கம் தனக்கில்லை என்று மறுத்த பூதம், அவன் கண்முன்னரே அக்கயவனை உண்டது. கோவலன் அத்தாயுடன் சென்று, அவள் சுற்றத்தாரின் பசியைப் பல்லாண்டு போக்கினான்.