மருத்துவச்சிப் பாட்டியை எழுதப் போகிறவர்களுக்கு

எங்கள் கனகம்மாசத்திரம் பக்கம் ஒரு மருத்துவச்சிப் பாட்டி போய்ச் சேர்ந்தால், திருப்பதி ரோட்டு ஓரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுகிறார்கள். அதில் பாட்டியின் பெயரைவிடப் பேரன்மார் பெயர்கள்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். அது போதாது, முதல் வருஷத் திதிக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடலாம் என்று காலேஜ் படிக்கிற பிள்ளைகள் சிலர் யோசனை கேட்டு வந்தார்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பாட்டிகளோடு சண்டையும் போட்டிருக்கிறேன், அவர்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் தின்றிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. முதலில் அவர் கையை எழுதுங்கள். ‘அன்பின் உருவம்’, ‘கைராசிக்காரர்’ என்பதெல்லாம் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, பிரசவ வீட்டுக்குள் நுழைந்ததும் வலியில் கிடக்கிறவளைப் பார்க்கவே மாட்டார். வெந்நீர் கேட்பார். முழங்கை வரை கழுவுவார். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டபிறகுதான் வயிற்றில் கை வைப்பார், கண்ணை மூடிக்கொண்டு. அடிவயிற்றைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துப் பார்த்து, ‘தலை எறங்கிடுச்சு’ என்பார். இல்லையென்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். வாசலில் தவிக்கிற புருஷனிடம், ‘போயி வெறகு ஒடைடா’ என்பார். வீட்டில் விறகு நிறையவே இருக்கும். அவனை அங்கிருந்து கிளப்பத்தான் அந்த வேலை. இப்படி நாலு விஷயம் கிடைத்தால் போதும், பாதி மலர் எழுதி முடிந்தமாதிரி.

2. வயதை ஆதார் அட்டையிலிருந்து எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். ‘பூண்டி ஏரி கட்டினப்போ நீ எவ்வளவு உயரம்?’ என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்கள், அவர்களைத் தேடுங்கள். பூண்டி நீர்த்தேக்கம் 1944. திருத்தணி ஆந்திராவிலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1. எம்.ஜி.ஆர். இறந்தது 1987. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே ஒரு ஆயுளை ஓரளவு அளந்துவிடலாம்.

3. எண்ணிக்கையில் ஆசை வைக்காதீர்கள். சூலகித்தி நரசம்மா என்று ஒரு மருத்துவச்சி இருந்தார். கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டம், பாவகடா தாலுகா, கிருஷ்ணாபுரம். நம்மைப்போலவே ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். எழுதப் படிக்கத் தெரியாதவர், பாட்டியிடம் தொழில் கற்றவர். எழுபது ஆண்டில் 15,000 பிரசவத்துக்கு மேல் பார்த்தார், காசு வாங்கியதில்லை என்பார்கள். தும்கூர் பல்கலைக்கழகம் 2014இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, 2018இல் பத்மஸ்ரீ, அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று 98 வயதில் காலமானார். அந்த 15,000ஐ எழுபது ஆண்டுக்குப் பிரித்தால் வாரத்துக்கு நாலு பிரசவம். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் கூப்பிட்டால் நடக்கக்கூடியதுதான். ஆனால் நம் பாட்டிக்கும் ஒரு ஆயிரத்தைச் சேர்த்துப் போடலாமே என்று நினைக்காதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், ‘உன்னை யாரு எடுத்தது?’ என்று கேளுங்கள். பெயரோடு நாற்பது பேர் கிடைத்தால் அந்த நாற்பதையே அச்சடியுங்கள். எனக்கு ஆயிரத்தைவிட அது பெரிது.

4. கூலியை எழுதுங்கள். படி அரிசியா, பழைய புடவையா, வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாயா? எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் விட்டார்கள்? மருத்துவச்சிகளில் பலர் நாவிதர் சமூகத்துப் பெண்கள். நடுராத்திரியில் அவர் கை வேண்டும். விடிந்ததும் திண்ணைக்குக் கீழே உட்கார வைத்துத்தான் காப்பி, அதுவும் தனி டம்ளரில். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இதை விட்டுவிட்டுச் ‘சேவை’ என்று எழுதினால் அது அவருக்குச் செய்கிற இரண்டாவது அவமானம்.

5. மருந்தை எழுதும்போது நிதானம் வேண்டும். வசம்பைச் சுட்டுக் குழைத்தது, உரைகல்லில் மாசிக்காயும் கடுக்காயும் இழைத்தது எல்லாம் ஊருக்கே தெரிந்தவை, தாராளமாக எழுதலாம். ஆனால் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்கிறமாதிரி அளவெல்லாம் போட்டு அச்சடிக்காதீர்கள். எவளாவது படித்துவிட்டு ஊட்டுவாள். அந்தக் குடும்பம் மட்டும் வைத்திருக்கிற பக்குவமென்றால் அவர்களைக் கேட்காமல் வெளியிடவே கூடாது. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிய ஒரு செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்தபோது, அதில் கிடைத்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஒத்துக்கொண்டது. கேட்டுச் செய்வது நடக்காத காரியமில்லை. ‘பாட்டி மருந்து நூறு வியாதிக்கும் கேட்கும்’ என்றும் எழுதாதீர்கள். காமாலைக்குக் கீழாநெல்லி நம் வேலி ஓரத்து வைத்தியம். சென்னை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். காமாலை வரவழைக்கிற ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் கூட இருந்தார். 1988இல் லான்செட்டில் முடிவு வந்தது: தூள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் வரவில்லை. இரண்டையும் எழுதினால்தான் பாட்டிக்கு மரியாதை.

6. தவறிய பிரசவங்களையும் எழுதுங்கள். இதற்குத்தான் வீட்டில் எதிர்ப்பு வரும். தொப்புள்கொடியை அறுக்கக் கையில் கிடைத்த கத்தி, அறுத்த இடத்தில் சாணி, சாம்பல். ஏழெட்டு நாளில் குழந்தைக்குத் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் போகும். காத்துக்கருப்பு என்பார்கள். அது டெட்டனஸ். பாட்டி மேல் மட்டும் பழி போட முடியாது. கர்ப்பிணிக்கு ஊசி வந்து சேராத காலம் அது. பிறகு தாய்க்குத் தடுப்பூசி, புது பிளேடு, சுத்தமான நூல், ஆஸ்பத்திரி பிரசவம் எல்லாம் வந்து, 2015இல்தான் இந்தியாவில் தாய்-சேய் டெட்டனஸ் ஒழிந்த நிலைக்கு வந்ததாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. எனக்குத் தெரிந்த பாட்டிகளில் கெட்டிக்காரி யார் தெரியுமா? ‘இது என்னால ஆகாது, வண்டி கட்டு’ என்று நேரத்தோடு சொன்னவர். அந்த வாக்கியத்தைச் சொல்லிய இரவு கிடைத்தால் ஒரு பக்கம் முழுக்க அதற்கே கொடுங்கள்.

7. பேச்சைத் திருத்தாதீர்கள். திட்டுவதற்குத் தெலுங்கு, கொஞ்சுவதற்குத் தமிழ் என்று இருந்தால் அப்படியே போடுங்கள்.

8. போட்டோவை வெளுப்பாக்காதீர்கள்.

9. அவர் யாருக்குக் கற்றுக் கொடுத்தார் என்று தேடுங்கள். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றி வாழ்கிற அனிஷினாபே பழங்குடியில் ஜோசபின் மாண்டமின் என்றொரு பாட்டி, தண்ணீரைக் காப்பாற்றச் சொல்லி 2003இல் சுப்பீரியர் ஏரியைச் சுற்றிச் செப்பு வாளியில் தண்ணீர் ஏந்தி நடக்க ஆரம்பித்தார். 2019இல் அவர் இறந்தார். அதற்கு முன்பே வாளியை ஏந்த இளம்பெண்கள் தயாராகியிருந்தார்கள். நம் பாட்டியோடு லாந்தர் பிடித்துக்கொண்டு போன ஒரு பெண் இருந்திருப்பாள். அவள் இப்போது சிப்காட் பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவளாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவள் ‘அப்படி இல்லக்கா’ என்று சொல்கிற இடங்களை மாற்றுங்கள்.

10. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் திருத்தணியில் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். காவடி நோட்டீஸ் வேலையில் உங்கள் மலர் அடியில் போய்விடும்.