லாகிரி வஸ்துக்களும் நம் மக்தபுப் பிள்ளைகளும்

எல்லாம் வல்ல அல்லாஹுத்தஆலா மனிதனுக்கு வழங்கியிருக்கும் அருட்கொடைகளில் அறிவு தலையாயதாகும். அறிவு தெளிவாக இருப்பவன் மீதே தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன. சித்தம் தவறியவனிடம் ஷரீஅத் எதையும் கேட்பதில்லை. மார்க்கச் சட்டங்கள் யாவும் ஐந்து பொருள்களைப் பாதுகாக்க வந்தவை என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள். தீன், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்பனவே அவை. போதை நேராகத் தாக்குவது இவற்றுள் அறிவை. அறிவு போனால் மற்ற நான்குக்கும் காவல் இல்லை.

இந்தப் பாடத்தை எழுத நம்மைத் தூண்டியது ஒரு சிறுவனின் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலையில் மஃரிபுக்குப் பின் நாம் மக்தப் நடத்திக் கொண்டிருந்தபோது, பதினான்கு வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், குர்ஆனில் மதுவைப் பற்றித்தானே வருகிறது? கஞ்சா என்று எங்கும் இல்லையே. அது வெறும் செடிதானே?" என்று கேட்டான். "உனக்கு எதற்கு இந்தப் பேச்செல்லாம்? உட்கார்ந்து ஓது" என்று அதட்டினோம். அவன் உட்கார்ந்து விட்டான். சில மாதங்களில் மக்தபுக்கு வருவதையும் நிறுத்தி விட்டான். மூன்று ஆண்டுகள் கழித்து அவனுடைய தாயார் பள்ளிவாசல் வாசலில் ஒரு பாட்டில் தண்ணீருடன் வந்து, "ஓதி ஊதிக் கொடுங்கள் ஹஜ்ரத், பையன் கையை மீறிப் போய் விட்டான்" என்று அழுதார்கள். அவன் அன்று விளையாட்டுக்காகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. அன்று கொடுக்கத் தவறிய பதிலை இன்று எழுதுகிறோம்.

பெயர் இல்லையே என்ற கேள்வி

மார்க்கம் தடை செய்திருப்பது ஒரு பெயரை அன்று. போதை என்னும் தன்மையையே தடை செய்திருக்கிறது. போதை தரும் ஒவ்வொன்றும் மதுவின் இனம், மதுவின் இனம் யாவும் ஹராம் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியருளியதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது முஸ்லிம் ஷரீபில் உள்ளது. எது அறிவை மூடுகிறதோ அதுவே மது என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். போதை தருபவற்றோடு உடலையும் மனதையும் மந்தமாக்குபவற்றையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் வருகிறது.

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் ஹஷீஷ், ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் முஸ்லிம் நாடுகளில் பரவத் தொடங்கியது. ஆகவே முந்திய இமாம்களின் நூல்களில் அதன் பெயரைத் தேடுவது வீண். அது பரவியதும் நான்கு மத்ஹபின் உலமாக்களும் போதைக்காக அதை உண்பது ஹராம் என்று தீர்ப்பளித்தார்கள். ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் இதற்கெனவே ஒரு தனி நூல் எழுதினார்கள். உண்டவனுக்கு என்ன தண்டனை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹராம் என்பதில் இல்லை.

இன்று நம் பிள்ளைகளை நெருங்கும் மாத்திரைகளுக்கும் இதே அளவுகோல்தான். வலிக்காக மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை, நோயாளிக்கு மருந்து. அதையே மயக்கத்துக்காக விழுங்குவதும், ஊசியில் ஏற்றிக் கொள்வதும் ஹராம். பஞ்சர் ஒட்டும் பசையையும் தின்னரையும் முகர்ந்து மயங்குவதும் அப்படியே. "ஒரே ஒரு இழுப்புதானே" என்பாருக்கும் பதில் உண்டு. அதிகமாக உட்கொண்டால் போதை தருவது எதுவோ அதில் சிறிதளவும் ஹராம் என்பது ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதின் கருத்து.

தடை வந்த வரிசை

சட்டம் தெரிந்து விட்டால் போதுமா? போதாது. மதீனாவில் மது தடை செய்யப்பட்ட வரிசையைக் கவனியுங்கள். முதலில் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவில் சில பயன் இருந்தாலும் அதன் பாவமே பெரிது என்று சிந்திக்க வைத்தது. அடுத்து அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம் போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்றது. இறுதியில்தான் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் முற்றாகத் தடுத்தன. அங்கும் காரணம் கூறப்படுகிறது: மதுவைக் கொண்டு ஷைத்தான் உங்களுக்குள் பகையை மூட்டவும், இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கவும் நாடுகிறான் என்று.

முதலில் சுவர்க்கத்தையும் நரகத்தையும் பற்றிய வசனங்கள் இறங்கின. உள்ளங்கள் பக்குவப்பட்ட பிறகே ஹலால், ஹராம் இறங்கின. எடுத்த எடுப்பிலேயே "குடிக்காதீர்" என்று வந்திருந்தால் மக்கள் மறுத்திருப்பார்கள் என்ற கருத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருப்பது புகாரி ஷரீபில் உள்ளது.

அதன் பலனையும் பாருங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் அனஸ் (ரலி) அவர்கள் மது பரிமாறிக் கொண்டிருந்த நேரத்தில் தடை அறிவிப்பு காதில் விழுந்தது. வீட்டுக்காரரே அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. எந்தக் காவலரும் வீடு புகுந்து சோதனை போடவில்லை. பாடம் முந்தியது, தடை பிந்தியது. ஆகவே தடை நிலைத்தது.

நம்முடைய வரிசை

நாமோ தடையை மட்டும் சொல்கிறோம். அதையும் ஒரு மரணத்துக்குப் பிறகே சொல்கிறோம். 2024 ஜூனில் நம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டபோது ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. சில ஜும்ஆக்கள் கழிந்ததும் பேச்சு ஓய்ந்தது.

நம் மக்தபில் பிள்ளைகள் ஐந்து வயதில் சேர்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குர்ஆன் ஓதி முடித்ததும் நின்று விடுகிறார்கள். பதினைந்து வயதுக்குள் பெரும்பாலும் பருவமடைந்து ஷரீஅத்தின் பொறுப்பு அவர்கள் தலையில் ஏறுகிறது. ஆனால் ஆசையை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்கும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர 25 வயது வரை ஆகும் என்பது மருத்துவ அறிஞர்களின் முடிவு. பொறுப்பு வந்து விட்டது, பக்குவம் இன்னும் வரவில்லை; இந்தப் பத்தாண்டுகளில்தான் நம் பிள்ளைகளுக்கு உஸ்தாதே இல்லை!

மத்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, முகரும் போதைப் பொருள்களைப் பயன்படுத்தும் பெரியவர்கள் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளோ 1.17 சதவீதம். பெரியவர்களை விடப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருப்பது இந்த ஒன்றுதான்.

நம் ஊரின் நிலையையும் கருதுங்கள். 14 கிலோமீட்டர் மலைசுற்றும் பாதையில் பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். அந்த இரவுகளில் கடை போட்டும் ஆட்டோ ஓட்டியும் உழைக்கும் வாலிபர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. கையில் காசு, கண்ணில் தூக்கமின்மை, பக்கத்தில் அழைக்கும் நண்பன். துறவுக் கோலத்தில் சிலர் கஞ்சா புகைப்பதைப் பார்த்து, இது ஆன்மீகத்தோடு சேர்ந்த ஒன்று போலும் என எண்ணி விடுகிறார்கள். பிறரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் தர்காக்களின் ஓரத்திலும் 'மஸ்தான்' என்ற பெயரில் புகைப்போர் இருக்கிறார்களே! இறை நெருக்கத்துக்கு வழி திக்ரு, புகையன்று.

செய்ய வேண்டியவை

1. ஓதி முடித்த பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் அரை மணி நேரமேனும் வாலிபர் வகுப்பு வேண்டும். கடைக்கும் பட்டறைக்கும் போகும் பையன்களும் வரத்தக்க நேரமாக அது இருக்கட்டும்.

2. அங்கே கேள்விக்கு இடம் கொடுக்க வேண்டும். விபசாரத்துக்கே அனுமதி கேட்டு வந்த ஒரு வாலிபரைச் சுற்றியிருந்தோர் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகில் அமர்த்தி, "உன் தாய்க்கு இதை விரும்புவாயா? உன் மகளுக்கு விரும்புவாயா?" என்ற கருத்தில் கேட்டு அவரையே சிந்திக்க வைத்தார்கள். பின்பு நெஞ்சில் கை வைத்து துஆச் செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் உள்ள இந்தச் சம்பவம் நம் கண்ணில் பட்டபோது, அந்த மாணவனை அதட்டியது நினைவுக்கு வந்து வெட்கினோம்.

3. மறுக்கும் முறையைப் பழக்க வேண்டும். நண்பன் நீட்டும்போது என்ன சொல்வது, எப்படி எழுந்து வருவது என்பதைப் பிள்ளைகளே பேசிப் பார்க்கட்டும். ஹராம் என்று அறிந்தும் வெட்கத்தால் வாங்கி விட்டவர்கள் பலர்.

4. பெற்றோர் முன்மாதிரியாக இருக்க வேண்டும். பீடியும் ஹான்ஸும் வாங்கி வரப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தந்தை, எந்த வாயால் புத்தி சொல்வார்?

விழுந்தவனை என்ன செய்வது?

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபையில் ஒருவர் சபித்தார். சபிக்காதீர், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்ற கருத்தைக் கூறி நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை நடந்தது, ஆனால் ஜமாஅத்தை விட்டு அவர் துரத்தப்படவில்லை. நம் மஹல்லாக்களிலோ பேரைச் சொல்லி அவமானப்படுத்தி விடுகிறோம். பள்ளியின் கதவு மூடினால் அவனுக்குத் திறந்திருக்கும் கதவு விற்பவனுடையது மட்டுமே.

சட்டத்தைக் கண்டு பெற்றோர் அஞ்சி மறைப்பதும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானதே. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்துவோருக்கு 10 முதல் 20 ஆண்டு வரை சிறை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகி, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெறுபவரை, பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து காக்கிறது. 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். மருத்துவம் செய்வது தவக்குலுக்கு மாறானதன்று. ஓதி ஊதிய தண்ணீரும் கொடுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

அந்தத் தாயாருடன் நாமும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். பையன் இப்போது சிகிச்சையில் இருக்கிறான். சில வெள்ளிக்கிழமைகளில் கடைசி ஸஃப்பில் தென்படுகிறான். சில வெள்ளிகளில் காணோம். வராத வாரங்களில் நாம் தேடிப் போகிறோம். அவன் கேட்ட கேள்விக்குப் பதிலையும் அவனிடம் சொன்னோம். தலை குனிந்து கேட்டு விட்டு, "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்" என்றான்.

அந்த வார்த்தையை வேறொரு பிள்ளை நம்மிடம் சொல்லும்படி வைத்து விடாமல், கேட்கும்போதே சொல்லிக் கொடுக்கும் நற்பாக்கியத்தை அல்லாஹுத்தஆலா நமக்கும் நம் ஜமாஅத்துக்கும் தந்தருள்வானாக! நம் வாலிபர்களின் அறிவையும் ஈமானையும் காத்தருள்வானாக! ஆமீன்.