ஆயத்தமும் திருநாளே

நுழையும்முன்

திருநாள் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிந்துவிடுவதன்று. அதற்கு முன்னர் வீடும் தெருவும் ஊரும் கூடிச் செய்யும் வேலைகளில்தான் அதன் பாதி மகிழ்ச்சி அடங்கியுள்ளது. தாமிரபரணிக் கரையில் பொங்கலுக்கு முந்திய நாள் எவ்வாறு கழிகிறது என்பதையும், அந்நாளின் வேலைகளுக்குப் பின்னால் எத்தனை கைகள் உழைக்கின்றன என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

பொருநை நாட்டுப் பொங்கல்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களுக்கு வளம் சேர்த்துப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது தாமிரபரணி. பொருநை என்பது இதன் பழம்பெயர். இவ்வாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என இரு பருவங்களில் நெல் விளைகிறது.

பொங்கலை அறுவடைத் திருநாள் என்று கூறுவது வழக்கம். ஆனால், ஐப்பசி மழையை நம்பிப் பயிரிடப்படும் பிசான நெல் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் அறுவடையாகிறது. தை முதல் நாளில் இப்பகுதி வயல்கள் பலவற்றில் பயிர் பசுமையாகவே நிற்கும். எனவே, பொருநைக் கரையில் பொங்கல், விளைந்ததற்கு நன்றி கூறும் நாளாக மட்டுமன்றி, விளையவிருப்பதை நம்பிக்கையுடன் வரவேற்கும் நாளாகவும் அமைகிறது. இந்த நம்பிக்கைதான் முந்திய நாளின் பரபரப்பில் மகிழ்ச்சியாக வெளிப்படுகிறது.

புதிதாகும் வீடு

மார்கழியின் கடைசி வாரத்திலேயே சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை தொடங்கிவிடும். நீரில் கரைத்த சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகிக் கெட்டியான வெண்படலமாகிறது. அதன் காரத்தன்மை கிருமிகள் பெருகுவதையும் தடுக்கிறது. அழகுக்காகச் செய்த வேலையே நலத்துக்கும் காவலாகிறது.

பரணிலிருந்து பித்தளைப் பாத்திரங்கள் இறங்கும். புளியும் சாம்பலும் கொண்டு அவற்றைத் துலக்குவது பிள்ளைகளின் பொறுப்பு. குத்துவிளக்கு பளபளக்கும்வரை ஆச்சி விடமாட்டார். "ஏட்டி, விளக்கு தண்டுல இன்னும் அழுக்கு இருக்கு பாரு, நல்லா தேய்ச்சுக் கழுவு" என்று அவர் சொல்வதும், "போதும் ஆச்சி, என் மொகம் தெரியுது" என்று பேத்தி விளக்கில் முகம் பார்ப்பதும் அன்றைய வீட்டின் இயல்பான ஓசைகள். மாலையில் முற்றம் மெழுகப்பட்டு மாக்கோலம் இடப்படும். கோலத்தைச் சுற்றிச் செங்காவிக் கரை தீட்டிய பின்னரே வாசல் நிறைவு பெறும்.

கட்டியும் பானையும்

நெல்லை, தூத்துக்குடி வட்டாரங்களில் பொங்கலிடுவதற்கென மண்ணால் செய்யப்படும் அடுப்புக் கற்களைப் பொங்கல் கட்டி என்பர். பிசைந்த மண்ணை அச்சிலிட்டு வார்த்து வெயிலில் உலர்த்துவர். பின்னர் வெள்ளையடித்துக் காவிப் பட்டை தீட்டுவர். மூன்று கட்டிகள் சேர்ந்தால் ஓர் அடுப்பு. அவற்றின்மேல் ஏறும் மண்பானைகளை வனையும் ஊர்களுள் சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சி பெயர் பெற்றது.

பானைக்கும் அரிசிக்கும் இந்நிலத்தில் உள்ள உறவு மிகத் தொன்மையானது. இப்பள்ளத்தாக்கைச் சேர்ந்த சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றினுள் நெல்மணிகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆய்வின் வழி அறியப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. மறைந்தோர்க்கும் மண்கலத்தில் நெல் இட்டு வைத்த மண்ணில், இன்றும் புதுப்பானையில் புத்தரிசி இடப்படுகிறது.

பனை தரும் விறகும் விருந்தும்

பொங்கல் அடுப்பை எரிக்கக் காய்ந்த பனையோலையைச் சேர்த்து வைப்பது இவ்வட்டார வழக்கம். ஓலை சட்டென்று பற்றி உயர்ந்த சுடருடன் எரியும். ஆனால், விரைவில் அடங்கிவிடும். ஆகவே, ஒருவர் அடுப்பருகிலேயே அமர்ந்து ஓலையைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். பாலிலுள்ள புரதமும் அரிசியின் மாச்சத்தும் மேற்பரப்பில் ஆடையாகப் படர்ந்து, எழும் நீராவியைக் குமிழ்களாகப் பிடித்து வைக்கின்றன. ஓலைச்சுடர் உயரும்போது அந்நுரை திரண்டு வழிகிறது. அக்கணத்தில் பெண்கள் குலவையிடுகின்றனர்.

விதைத்த பனங்கொட்டைகளிலிருந்து நான்கைந்து மாதங்களில் விளையும் பனங்கிழங்கு, பொங்கலையொட்டிச் சந்தைக்கு வருகிறது. சிறுகிழங்கு, சேனை, சேம்பு, கருணை முதலியனவும் அன்றைய படையலிலும் சமையலிலும் இடம்பெறும். மண்ணுக்குள் விளைந்தவை வாழையிலைக்கு வரும் நாள் அது. கரும்பும் மஞ்சள் குலையும் அவற்றோடு வந்து சேரும்.

பாளையங்கோட்டையைச் சேர்ந்த பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன், 'அறியப்படாத தமிழகம்' என்னும் நூலில் பொங்கலின் தனித்தன்மையை எடுத்துக்காட்டியுள்ளார். பிறப்பு, இறப்புத் தீட்டுகள் பொங்கலைத் தடுப்பதில்லை என்பது அவர் சுட்டும் செய்திகளுள் ஒன்று. துயருற்ற வீட்டிலும் அடுப்பு மூட்டப்படுகிறது என்றால், இத்திருநாள் எவரையும் விலக்கி வைக்கவில்லை என்பது புலனாகும்.

பொங்கல்படியும் சிறுவீடும்

மணமாகிச் சென்ற மகளுக்குப் பிறந்த வீட்டார் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, காய்கறி, கிழங்கு ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பது பொங்கல்படி எனப்படும். பொருளின் அளவைவிட, தந்தையோ உடன்பிறந்தானோ நேரில் வந்து திண்ணையில் அமர்ந்து நலம் கேட்பதே மகளுக்குப் பெருமை. அளவைக் கொண்டு மதிப்பிடத் தொடங்கினால் அன்பின் அடையாளம் சுமையாகிவிடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

சிறுமியர்க்கெனவும் ஒரு பொங்கல் உண்டு. மார்கழி விடியல்களில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூக்களைச் சூட்டி வைப்பர். வாடிய பூக்களைச் சாணத்துடன் சேர்த்துச் சிறு வறட்டிகளாகத் தட்டி உலர்த்துவர். தை மாதத்தில் முற்றத்தில் களிமண்ணால் சிறுவீடு அமைத்துப் பொங்கலிட்டு, அப்பூவறட்டிகளை ஆற்றுக்கு எடுத்துச் சென்று நீரில் விடுவர். இதுவே சிறுவீட்டுப் பொங்கல். ஆறு எடுத்துக்கொள்ளும் அப்படையல் நீரில் கரைந்து மண்ணோடு மண்ணாகும். ஆற்றுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதை அச்சிறுமியர் விளையாட்டாகவே கற்றுக்கொள்கின்றனர். நெகிழிப் பைகளும் பழந்துணிகளும் படித்துறைகளில் ஒதுங்கும் இக்காலத்தில் அப்பாடம் பெரியோர்க்கும் தேவையானது.

கைகளின் சங்கிலி

ஒரு வீட்டின் ஆயத்தத்துக்குப் பின்னால் குயவர், பனையேறி, உழவர், கிழங்கு அகழ்வோர், விருந்தினர் அமரப் பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோர் எனப் பலர் நிற்கின்றனர். உலோகப் பாத்திரமும் எரிவாயு அடுப்பும் வந்த பின்னும் பொங்கல் பொங்கத்தான் செய்கிறது. எனினும், பானை வாங்கப்படாத ஆண்டில் குயவர் வீட்டுப் பொங்கல் சுருங்குகிறது. பனை வெட்டப்பட்ட ஊரில் ஓலையும் கிழங்கும் ஒருங்கே மறைகின்றன. பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக இருப்பது மட்டும் அதனைக் காத்துவிடாது. அதன் பயன் வீடுகளில் நிலைத்திருக்க வேண்டும்.

சங்கிலியின் மற்றொரு கண்ணி வீட்டுக்குள்ளேயே உள்ளது. துலக்குதல், மெழுகுதல், கோலமிடுதல், சமைத்தல் ஆகிய வேலைகளுள் பெரும்பகுதியைப் பெண்களே சுமந்து வந்துள்ளனர். எல்லாரும் உண்ட பின்னர்த் தாய் களைப்புடன் அமர்வதுதான் பல வீடுகளின் திருநாள். மகனும் தந்தையும் ஓலை தள்ளவும் கிழங்கு நறுக்கவும் பாத்திரம் கழுவவும் முன்வரும் வீட்டில் ஆயத்தம் அனைவர்க்கும் விளையாட்டாகிறது. மகிழ்ச்சியைப் பகிர விரும்புவோர் வேலையைப் பகிர வேண்டும். அவ்வாறு பகிரப்படும்போது, பொங்கலுக்கு முந்திய நாளே திருநாளின் முதல் நாளாகிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

பொங்கல் கட்டி – பொங்கலிட மண்ணால் செய்த அடுப்புக் கல்
மஞ்சள் குலை – இலையும் கிழங்குமாகப் பறித்த மஞ்சள் கொத்து
குலவை – நாவைச் சுழற்றிப் பெண்கள் எழுப்பும் மங்கல ஒலி
பிசானம் – பின்பனிக்காலத்தை ஒட்டி அறுவடையாகும் நெற்பருவம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் திருநாளுக்கு முந்திய நாளில் யார் யார் எவ்வேலைகளைச் செய்கின்றனர் என்று அட்டவணைப்படுத்துக. வேலைகளைச் சமமாகப் பகிரும் வழியை வீட்டாருடன் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் திருநாட்பொருள்களைச் செய்யும் கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் தொழிற்சொற்களைத் தொகுத்து எழுதுக.