பாயின்செட்டியாவுக்கு இருட்டு வேண்டும்

அன்புள்ள மகிழினிக்கு,

கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பாயின்செட்டியா இலையெல்லாம் கொட்டிவிட்டது, செத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடாதே.

நீ பூ என்று நினைத்த சிவப்பு, உண்மையில் இலை. நடுவே கொத்தாக மஞ்சளும் பச்சையுமாய் மிளகளவில் இருந்தனவே, பூக்கள் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. பக்கத்தில் உதடு போன்ற சுரப்பியில் தேன் துளி நிற்பதையும் பார்க்கலாம். அந்த மஞ்சள் மொட்டு விரியாத செடியாக வாங்கினால் சிவப்பு நாள்பட நிற்கும். தொட்டியைச் சுற்றிய ஜிகினாத் தாளை வந்த அன்றே கழற்றிவிடு. அதில் தேங்கும் தண்ணீர் வேரை அழுக வைக்கும்.

மார்ச்சில் ஒரு சாண் விட்டு மேலே வெட்டிவிடு. வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் படவே கூடாது. உடனே கை கழுவு. செம்மண், மணல், மண்புழு உரம் கலந்து தொட்டி மாற்று. நம் ஊரான பருத்திப்பட்டில் மே மாதத்தில் காலை வெயில் மட்டும் போதும். ஜூனிலிருந்து நுனி கிள்ளினால் கிளை பெருகும். செப்டம்பர் பிறந்த பிறகு கிள்ளாதே. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல்.

இனிதான் முக்கியமானது. இரவு நீண்டால்தான் இந்தச் செடி சிவக்கும். அக்டோபர் முதல் தேதியிலிருந்து எட்டு முதல் பத்து வாரம், தினமும் 14 மணி நேரம் விடாத இருட்டு வேண்டும். நம் ஊரில் அப்போது இரவே ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதையும் தெருவிளக்கும் பால்கனி எல்இடியும் கெடுத்துவிடுகின்றன. மாலை ஐந்து மணிக்கு விளக்குப் போடாத அறையில் வைத்து, காலை ஏழு மணிக்கு வெயிலுக்கு எடுத்து வா. அட்டைப்பெட்டியால் மூடுவதானால் வெளிச்சம் புகாமல் காற்றோட்டம் இருக்கட்டும், உள்ளே புழுங்கக் கூடாது. அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் வரும். தொட்டி நனைந்தபடியே இருக்க விடாதே, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்று.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலியோரம் தானாகவே சிவக்கும் செடி இது. மெக்சிகோ மலைகளில் பிறந்தது, இரவுக் குளிர் பழகியது. நம் ஊரில் டிசம்பர் இரவிலும் அவ்வளவு குளிர் இருக்காது. அதனால் சிவப்பு தாமதமாக வரலாம், கொஞ்சம் குறைவாகவும் வரலாம். அது உன் தப்பில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி உங்கள் பால்கனியில் எந்தெந்த விளக்கு வெளிச்சம் விழுகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா