கூட்டணியின் விலையையும் எழுது

அன்புத் தம்பிக்கு,

ஒஹாயோ மாநிலத்தின் 1855 ஆளுநர் தேர்தலைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். தகவல்கள் சரி. ஆனால் சால்மன் சேஸை மாவீரனாக நிறுத்தி, அடிமைமுறைக்கு எதிரான அணி வென்றது என்று முடித்துவிட்டாய். அரசியல் வரலாறு எழுத வருபவர்கள் பலரும் சறுக்குகிற இடம் இது. யார் வென்றார் என்பதோடு, அந்த வெற்றிக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

விலை என்றதும் முகம் சுளிக்காதே; எல்லாப் பேரமும் கெட்டதல்ல. சேஸ், தப்பி வந்த அடிமைகளுக்காக வாதாடிய சின்சினாட்டி வக்கீல். 1849-இல் ஒஹாயோ சட்டமன்றத்தில் எந்தப் பெரிய கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. அடிமைமுறை பரவுவதை எதிர்த்த ஃப்ரீ சாயில் கட்சியின் விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்கள் ஜனநாயகக் கட்சியோடு பேரம் பேசினார்கள். சேஸுக்கு செனட் பதவி கிடைத்தது. கறுப்பின மக்களை ஒடுக்கிய மாநிலச் சட்டங்களில் பெரும்பகுதி நீங்கியது; வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் உரிமை அவர்களுக்கு வந்தது. இது நல்ல பேரம் என்றே நான் சொல்வேன்.

1855 பேரம் வேறு மாதிரி. முந்தைய ஆண்டு வந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம், அடிமைமுறைக்குத் தடை இருந்த நிலப்பரப்பை அதற்குத் திறந்துவிட்டது. ஜனநாயகக் கட்சிக்கு எதிரணியாக இருந்த விக் கட்சி நொறுங்கியது. சட்டத்தை எதிர்த்தவர்கள் ஒன்றுசேர்ந்து, அதே ஆண்டு ஒஹாயோவின் 21 காங்கிரஸ் இடங்களையும் அள்ளினார்கள். அந்த அணியின் பலத்தில் பெரும்பங்கு 'நோ-நத்திங்' இயக்கத்துடையது. ரகசியச் சங்கமாகக் கிளம்பி, குடியேறியவர்களையும் கத்தோலிக்கர்களையும் விரோதிகளாகக் காட்டி வளர்ந்த இயக்கம் அது.

உன் கட்டுரையில் 1855 ஏப்ரல் மாதத்தைக் காணோம். சின்சினாட்டி நகரத் தேர்தலின்போது நோ-நத்திங் கும்பல் குடியேறிய ஜெர்மானியர் வாழ்ந்த பகுதிக்குள் புகுந்து, வாக்குச்சீட்டுகளைப் பறித்து அழித்தது. ஜெர்மானியர்கள் தெருவில் தடுப்பரண் கட்டி எதிர்த்து நின்றார்கள். மூன்றே மாதத்தில், ஜூலை 13 அன்று, கொலம்பஸில் கூடிய அந்த எதிர்ப்பு அணியின் மாநாடு சேஸை ஆளுநர் வேட்பாளராக்கியது. வேட்பாளர் பட்டியலில் மீதி எட்டு இடங்களும் நோ-நத்திங் சார்பினருக்கே போயின. குடியேறியோருக்கு எதிரான வாசகம் எதுவும் கொள்கை அறிக்கைக்குள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அது சேஸ் அணியின் சாதனைதான். ஆனாலும், அடிமைமுறையை வெறுத்த ஒரு ஜெர்மானியத் தொழிலாளியின் கையில் அந்தப் பட்டியலைக் கொடுத்துப் பார். உன் கட்டுரைக்கு அவன்தான் முக்கியமான சாட்சி.

அக்காலத்தில் வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சிட்டுக் கொடுத்தன. பிடிக்காத பெயரை அடித்துவிட்டும் போடலாம். அக்டோபரில் சேஸுக்குச் சுமார் 1,46,000 வாக்குகள்; ஜனநாயகக் கட்சியின் மெடில் 1,31,000; சேஸை ஏற்காத நோ-நத்திங்குகள் நிறுத்திய முதியவர் ஆலன் டிரிம்பிள் 24,000. சேஸ் பாதி வாக்கைத் தொடவில்லை. தன் பட்டியலில் இருந்த மற்றவர்களைவிடவும் பின்தங்கினார். இந்த எண்களை அடிக்குறிப்பில் ஒளிக்காதே. உன் கட்டுரையின் முதுகெலும்பு அவைதான்.

இன்னொன்று. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர் என்பதை நம் வாசகருக்கு ஒரு வரியில் சொல்லிவிடு. அந்தப் பதவியின் கை எவ்வளவு குட்டை என்பதையும் சொல். மசோதாவைத் தடுக்கும் அதிகாரம்கூட அப்போது அவருக்கு இல்லை. சேஸ் பதவியேற்ற அதே 1856 ஜனவரியில் அடிமையாக இருந்த மார்கரெட் கார்னர் கென்டக்கியிலிருந்து தப்பி, குடும்பத்தோடு உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்கு வந்தாள். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, அடிமையாகத் திரும்பக் கூடாதென்று தன் பெண்குழந்தையைக் கொன்றாள். கொலை வழக்கை ஒஹாயோவிலேயே நடத்தினால் அவளை அங்கேயே நிறுத்தலாம் என மாநிலத் தரப்பு முயன்றது. தப்பி வந்த அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்ன கூட்டாட்சிச் சட்டம் அவளை எஜமானனிடமே அனுப்பியது. அவளை ஒப்படைக்கச் சொல்லி சேஸ் கென்டக்கிக்கு அனுப்பிய கோரிக்கை நிறைவேறுவதற்குள் அவளை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டோனி மாரிசனின் 'பிலவட்' நாவலுக்கு வித்து அவள் கதைதான். அடிமைமுறையை எதிர்த்து வென்ற ஆளுநரால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இதைத் தொடாமல் அந்த வெற்றியை அளக்க முடியாது.

ஆகவே கட்டுரையை 1855 அக்டோபரில் முடிக்காதே. அன்று சட்டப்படி வாக்குரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தத்தை 1867-இல் ஒஹாயோ வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். அதுவரை எழுதி, அடுத்த வரைவை அனுப்பு. படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்